கேரித் தீவு: இறுக்கி மூடிய கள்ளும் ஓலைக் குருவியும்

மலேசியா தின விடுமுறை திங்கட்கிழமையில் வந்து சேர்ந்தது. கோலாலம்பூரில் இருக்கும் என் மகள் எங்களைக் கேட்காமலே "உள்ளூர் மதுவும் பூர்வகுடிக் கலையும், தீவில் இரண்டு நாள்" என்ற சுற்றுலாவுக்குப் பணம் கட்டிவிட்டாள். தலைக்கு 260 வெள்ளி (ரிங்கிட்). எந்தத் தீவு என்று பார்த்தால் நம்ம கேரித் தீவு! பந்திங்கில் எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. லங்காட் ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கமும் செம்பனை (எண்ணெய்ப் பனை), அந்தப் பக்கமும் செம்பனை. "செம்பனை பார்க்க 260 வெள்ளியா?" என்று என் வீட்டுக்காரர் வழியெல்லாம் முணுமுணுத்தார். மது என்று போட்டிருந்தது வேறொன்றுமில்லை, கள்ளுதான்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா தோட்டத்துக் கள்ளுக்கடைக்காகத் தென்னை ஏறியவர். காலையும் மாலையும் ஏறி, பாளையைத் தட்டி, நுனியை மெல்லிசாகச் சீவி, கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குவார். அதனால் குறை கண்டுபிடிக்கிற புத்தியோடுதான் போனேன்.

கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. கூடாரத்தில் தண்டு வைத்த கண்ணாடிக் கோப்பைகள் மூன்று மூன்றாக அடுக்கியிருந்தன. "கோப்பையைச் சுழற்றி வாசம் பாருங்கக்கா" என்றார் வழிகாட்டித் தம்பி. கள்ளைச் சுழற்றினால் நுரைதான் வரும். முதல் கோப்பை காலையில் இறக்கியதாம், ஆனால் நாங்கள் குடிக்கும்போது மணி இரண்டரை. கள்ளு கலயத்தில் சொட்டும்போதே புளிக்கத் தொடங்கிவிடும். ஐஸ் பெட்டி இல்லாமல் மத்தியானம்வரை வெயிலில் வைத்த பிறகு அதில் இனிப்பு எங்கே இருக்கும்? இரண்டாவது முந்தின நாள் கள்ளு. ஒரு மடக்கு குடித்ததும் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. அப்பா கொண்டுவரும் கள்ளை முகர்ந்து பார்த்து, "இது குடிக்க, இது ஆப்பத்துக்கு" என்று பிரிப்பார். இது சந்தேகமில்லாமல் ஆப்பத்துக்கு.

மூன்றாவதில் மாம்பழச் சாறு கலந்திருந்தார்களாம், குடிக்கக் கிடைக்கவில்லை. பிளாஸ்டிக் போத்தலை இறுக்கி மூடி வைத்திருக்கிறார்கள். தம்பி திருகியதும் மூடி பறந்து, பாதிக் கள்ளு அவர் வெள்ளைச் சட்டையில். புளிக்கிற கள்ளுக்கு மூடியைத் தளர்த்தி வைக்க வேண்டும் என்பது தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பாவம், அந்தத் தம்பி வெளியூர்.

அதைவிட எனக்கு உறுத்தியது அவர் பேச்சு. கள்ளு இந்தியர்களின் பெருமைக்குரிய பாரம்பரியம் என்று மனப்பாடமாகச் சொன்னார். இதே கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் 1941இல் வேலைநிறுத்தம் செய்தவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போக விடு என்பது இன்னொன்று. அப்பாவின் சம்பளம் வந்ததும் அந்தக் கடையிலிருந்து, பக்கத்து லயத்துக்காரர் சம்பளம் போனதும் அந்தக் கடைக்கு. இதையும் இரண்டு வரி சொல்லியிருக்கலாம்.

ராத்திரிச் சாப்பாடு நண்டு, நன்றாகவே இருந்தது. தங்கிய அறையில் மூட்டைப்பூச்சி இல்லை. அது போதும்.

ஞாயிற்றுக்கிழமைதான் கட்டிய காசுக்கு அர்த்தம் வந்தது. சுங்கை பும்புன் கிராமத்தில் மா மெரி என்ற பூர்வகுடி மக்கள் முன்னோர் ஆவிகளை முகமூடியாகச் செதுக்குகிறார்கள். அலையாத்திக் காட்டில் வளரும் 'நீரே பத்து' என்ற மரம், சிவப்பாக, கல் மாதிரி கனம். ஒரே கட்டையில் புலியையும் அதைப் பிணைத்த சங்கிலியையும் செதுக்கியிருந்தார்கள். வளையங்கள் தனித்தனியாக ஆடுகின்றன, ஒட்டு எங்கேயும் இல்லை. என் வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். முணுமுணுப்பு அங்கேதான் நின்றது.

நான் பெண்கள் ஓலை பின்னும் பக்கம் போய் உட்கார்ந்தேன். என் வயதிருக்கும் ஒரு மா மெரி அக்கா, நீபா என்ற சதுப்பு நிலப் பனையின் ஓலையைக் கிழித்து இரண்டு மடிப்பு மடித்துக் காட்டினார். மூன்றாவது மடிப்பை அவர் சொல்லாமலே என் விரல் மடித்துவிட்டது. தோட்டத்துக் கோயில் திருவிழாத் தோரணத்துக்கு நாங்கள் தென்னங்குருத்தில் செய்யும் குருவி! அவருடையதற்கு வால் நீளம், என்னுடையதற்கு மூக்கு கூர்மை. மலாயில் அவர், "உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?" என்றார். "அம்மா" என்றேன். அவரும் "அம்மாதான்" என்றார். பேச்சு சூடுபிடிக்கும்போது வழிகாட்டி விசில் ஊதிவிட்டார். கள்ளுக்கு இரண்டு மணி நேரம், இதற்கு நாற்பது நிமிடம். என்ன கணக்கோ!

ஆகவே, இந்த ஏற்பாட்டுக்காரர்களுக்கு நான் ஐந்துக்கு இரண்டு தருவேன், அந்த இரண்டும் கிராமத்துக்காக. பக்கத்தில் இருப்பவர்கள் சொந்தக் காரில் நேராகக் கிராமத்துக்கே போங்கள். கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள், முகமூடியைச் செதுக்கியவரிடமே வாங்குங்கள். பேரம் பேசும்முன் அந்தக் கட்டையை ஒரு தடவை தூக்கிப் பாருங்கள்.

மிச்சமிருந்த ஒரு போத்தல் கள்ளைக் கேட்டு வாங்கி, மூடியைத் தளர்த்தி மடியில் பிடித்துக்கொண்டே வீடு வந்தேன். திங்கள் ராத்திரி மாவில் ஊற்றினேன். செவ்வாய் காலைப் பசியாறலுக்கு ஆப்பம், நடுவில் பஞ்சாக, ஓரமெல்லாம் மொறுமொறுவென்று. என் வீட்டுக்காரர் ஐந்து சாப்பிட்டார்.