வெண்கலமா, பித்தளையா: ஓர் ஒப்பீடு

பாத்திரக் கடையில் அருகருகே அடுக்கியிருக்கும் வெண்கல உருளியையும் பித்தளை உருளியையும் நிறத்தை வைத்து மட்டும் பிரித்தறிவது எளிதன்று. நன்றாகத் துலக்கிய பித்தளை பல சமயம் வெண்கலத்தைவிடப் பளிச்சென்று இருக்கும். விளிம்பைச் சுண்டிப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். ஒரே கனமுள்ள இரண்டில் வெண்கலத்தின் நாதம் நெடுநேரம் நிற்கும், பித்தளையின் ஒலி சீக்கிரம் அடங்கிவிடும். ‘வெண்கலக் குரல்’ என்ற வழக்கு சும்மா வந்ததன்று.

இரண்டுக்கும் அடிப்படை செம்புதான். அதனுடன் வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம், துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை. மணி வார்க்கும் வெண்கலத்தில் வெள்ளீயம் ஏறத்தாழ 22 விழுக்காடு இருக்கும். தகடாக அடிக்கும் பித்தளையில் 30 விழுக்காடு துத்தநாகம் இருப்பது வழக்கம். துத்தநாக அணு செம்பு அணுவின் அளவை ஒட்டியது என்பதால் நிறையச் சேர்த்தாலும் உலோகம் வளைந்து கொடுக்கிறது. வெள்ளீய அணுவோ பெரியது. கொஞ்சம் சேர்த்தாலே செம்பு இறுகிவிடுகிறது, அளவு கூடினால் நொறுங்கும் தன்மையுள்ள படிகங்கள் உள்ளே உருவாகின்றன. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெள்ளீயம் கலந்த, கேரளத்து உலோகக் கண்ணாடியான ஆறன்முளைக் கண்ணாடி முகம் பார்க்கும் அளவுக்கு மெருகேறும். ஆனால் கீழே விழுந்தால் உடையும்.

பித்தளைக் குடம் விழுந்தால் நெளியும். ஒடுக்கு எடுத்து மறுபடி தண்ணீர் பிடிக்கலாம். வெண்கலப் பானை விழுந்தால் விரிசல் விடும், அதைச் சீராக்குவது கடினம். இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு: எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் அது கடினமாகி நொறுங்கும் தன்மை பெறும், வெள்ளீயம் மிகுந்த வெண்கலமோ அதே முக்கலில் நொறுங்கும் தன்மை குறைந்து உறுதிப்படும்.

அடுப்படியில் என் ஓட்டு வெண்கலத்துக்கே. புளிக்குழம்பைப் பித்தளையில் நேரடியாகக் கொதிக்கவிட்டால் செம்பும் துத்தநாகமும் கரைந்து சுவை கெடும், களிம்பும் ஏறும். ஆகவேதான் நவச்சாரம் தூவி உள்ளே ஈயம் பூசுகிறார்கள், அந்தப் பூச்சு தேயத் தேய மறுபடியும் பூச வேண்டியிருக்கிறது. (பூசப்படுவது வெள்ளீயம்; நச்சான காரீயம் அன்று. ஒரே சொல் இரண்டுக்கும் புழங்குவதால் வரும் குழப்பம் ஈயச்சொம்பையும் விட்டுவைக்கவில்லை.) வெண்கலத்தில் இந்தத் தொல்லை குறைவு, ஆனாலும் புளிப்பை இரவு முழுக்க அதில் வைப்பது சரியன்று.

பட்டறையில் நிலைமை வேறு. துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும், செம்பு உருகவோ 1085 டிகிரி வேண்டும். ஆகவே துத்தநாகத்தைக் கடைசியில்தான் போடுவார்கள், அப்போதும் வெண்புகை கிளம்பும். ஆனால் வார்த்த பின் பித்தளையைக் கடைசல் பிடிப்பது சுகம். நாச்சியார்கோயில் குத்துவிளக்குகள் பித்தளையில் வார்க்கப்படுவதில் வியப்பில்லை. விளக்குக்கு நாதமும் தேவையில்லை, புளியும் படப்போவதில்லை.

உப்புத் தண்ணீரில் பித்தளை தோற்கிறது. துத்தநாகம் மட்டும் அரித்துப் போய், பழைய குழாயின் உள்பாகம் சிவந்த பஞ்சு போன்ற செம்பாக எஞ்சும். ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்தில் இருப்பு வைத்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாகவே வெடிப்பு விட்டன. தகட்டைச் சூடாக்காமல் இழுத்து உறையாக வடித்தபோது உலோகத்துக்குள் தங்கிய இறுக்கமும் குதிரைலாயத்திலிருந்து வந்த அம்மோனியாவுமே காரணம். கடல்நீர் படும் வால்வுக்கும் பம்பு புஷ்ஷுக்கும் 88 செம்பு, 10 வெள்ளீயம், 2 துத்தநாகம் கொண்ட கன்மெட்டல் என்னும் வெண்கல வகையை நாடுவது இதனால்தான்.

விலையில் பித்தளைக்குப் போட்டியே இல்லை: துத்தநாகம் செம்பைவிட மலிவு, வெள்ளீயம் செம்பைவிடப் பல மடங்கு விலை. எனவே பாட்டி காலத்துப் பாத்திரத்தைப் பழைய பித்தளை என்று எடைக்குப் போடும் முன் ஒருமுறை விளிம்பைச் சுண்டிக் கேட்டுவிடுவது நல்லது.