கடல் காற்றோடு பன்னிரண்டு வருடம்: கணினி திருத்தக் கொடுத்த காசு தகுமா?

மட்டக்களப்பில் புதிய கல்லடிப் பாலம் திறந்த 2013 ஆம் ஆண்டில்தான் எங்கள் வீட்டுக்கு முதல் கணினி வந்தது. மேசைக் கணினி, ஐ3, 4 ஜிபி ரெம். நான் ஆசிரியை, வினாத்தாள் அடிப்பதற்கென்று எடுத்தது. 2017 இல் ஒரு மடிக்கணினியும் சேர்ந்தது. இரண்டையும் திருத்துவதற்குச் செலவழித்த காசை ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வருகிறேன். போன மாதம் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். 103,500 ரூபா. இதில் 48,000 ஒரே ஒரு வேலைக்குப் போனது, அதைப் பிறகு சொல்கிறேன். 11,000 வீணாய்ப் போனது. மிச்சம் 44,500 ரூபாவில் இரண்டு இயந்திரங்கள் இத்தனை வருடம் ஓடியிருக்கின்றன.

பள்ளிக்கூடத்தில் யாருடைய கணினி பழுதானாலும் என்னிடம்தான் கேட்பார்கள். கடையில் கொடுப்பதா, வீட்டுப் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்வதா, புதிசு வாங்குவதா என்று. கொடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது எனக்குப் பிடிபட ஐந்தாறு வருடம் எடுத்தது.

2014 மார்கழி மழைக்குள் மேசைக் கணினி நின்றது. விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், திரையில் ஒன்றும் வராது. ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போனேன். முதல் கடையில் மூடியைக்கூடக் கழற்றவில்லை. "மதர்போர்ட் போயிற்று, 14,000 முடியும்" என்றார்கள். அந்த நேரம் அது எனக்குப் பெரிய காசு. திருப்பிக் கொண்டு வரும் வழியில் ஒரு சின்ன அறையில் கடை வைத்திருந்த தம்பியிடம் காட்டினேன். அவர் இரண்டு கேள்வி கேட்டார். "ஃபேன் சுத்துதா டீச்சர்? பீப் என்டு சத்தம் ஏதும் வருதா?" அப்புறம் ரெம்மை உருவி, பொன் நிறமாக இருக்கும் அந்த விளிம்பைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, திரும்பச் செருகினார். திரை வந்துவிட்டது. 500 ரூபா.

கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. யன்னலைத் திறந்தால் உப்புக் காற்று. வீட்டுப் பூட்டும் சைக்கிள் சங்கிலியும் எப்படிப் போகின்றனவோ, கணினிக்குள் இருக்கும் உலோகமும் அப்படித்தான் போகும் என்று அந்தத் தம்பிதான் விளங்கப்படுத்தினார். மழைக்காலத்தில் ஒரேயடியாக மூடி வைக்காமல் இரண்டு நாளைக்கு ஒருக்காவாவது போட்டு ஓட விடச் சொன்னார். உள்ளே வரும் சூட்டில் ஈரம் காயும். இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன். தேய்த்த வேலை ஐந்து நிமிடம்கூட இல்லை. அந்த 500 ரூபாவை இரண்டு கேள்விக்குக் கொடுத்ததாகத்தான் நினைக்கிறேன்.

அவர் கட்டாருக்குப் போய்விட்டார். 2016 இல் கணினி மெதுவானபோது வேறு கடைக்குக் கொண்டு போனேன். "போர்மட் பண்ணினால் சரி" என்றார்கள். 1,500 ரூபா. அடுத்த நாள் எடுத்து வந்து திறந்தால் திரையில் வைத்திருந்த மூன்று தவணை வினாத்தாள்களும் இல்லை. திரையில் நாம் வைப்பதெல்லாம் சீ டிரைவில்தான் கிடக்கிறது, போர்மட் பண்ணினால் அதோடு போய்விடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவர்கள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். டீ டிரைவில் தப்பியிருந்தவற்றைத் திறந்தால் எல்லாம் புரியாத ஆங்கில எழுத்துகள். நாங்கள் அடிப்பது பாமினியில். அது எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட் இல்லை. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தை வரைந்து வைத்த எழுத்துரு. அந்த எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் 'அம்மா' என்று அடித்தது 'mk;kh' மாதிரித்தான் தெரியும். போர்மட் பண்ணியவர் அதைத் திரும்பப் போடவில்லை. திருட்டு விண்டோஸைத் திறக்க ஏதோ ஒரு மென்பொருளையும் ஏற்றியிருந்தார். இரண்டு மாதத்துக்குள் விளம்பரங்கள் தானாக வந்து விழத் தொடங்கின. என் தங்கையின் மகன் ஒரு பின்னேரம் இருந்து அதைத் துப்புரவாக்கினான். அந்த 1,500 வீண் காசு. போன வினாத்தாள்களை இரவிரவாகத் திரும்ப அடித்த களைப்புக்குக் கொப்பியில் பத்தி இல்லை.

2019 இல் மடிக்கணினியின் முறை. பொத்தானை அமத்திவிட்டுத் தேத்தண்ணி போட்டு வரலாம், நான்கு நிமிடம் எடுக்கும். இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது, ஆனாலும் பலர் புதிசு வாங்கச் சொன்னார்கள். டவுனில் ஒரு கடையில் 'பரிசோதனைக் கட்டணம் 500 ரூபா' என்று மட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தது. பார்த்துச் சொல்வதற்கே காசா என்று எனக்கும் முதலில் மனம் ஒப்பவில்லை. வேறு வழியில்லாமல் கொடுத்தேன். அடுத்த நாள் அவர் ஒரு தாளைத் தந்தார். உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 தடவை சுற்றும் வகை, அதிலும் சில பகுதிகள் பழுதாகத் தொடங்கிவிட்டன. ப்ரொசெசர் நல்லது, டிஸ்க் கொடுக்கும்வரை அது காத்துக்கொண்டு நிற்கிறது. 240 ஜிபி எஸ்.எஸ்.டி. (சுற்றும் பாகமில்லாத, வேகமான டிஸ்க்) போட்டால் போதும், பாகம் 7,500, கூலி 1,500, கட்டிய 500 கழியும். போட்டார். அரை நிமிடத்துக்குள் திறந்தது. அந்த 9,000 ரூபாவைப்போல் பலன் தந்த காசு அந்தக் கொப்பியில் வேறில்லை.

அன்றைக்குப் பிறகு திருத்துவதற்கு நான் வேறு கடைக்குப் போகவில்லை. அங்கே வரிசையில் காத்திருக்கும்போது பார்த்திருக்கிறேன், அந்த 500 ரூபாவுக்காக எத்தனை பேர் அவரோடு வாக்குவாதப்படுகிறார்கள் என்று. "சும்மா ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க தம்பி" என்பார்கள். டாக்டருக்குப் பார்வைக் காசு கொடுக்கிறோம். கணினியைத் திறந்து, ஒவ்வொரு பாகமாக மாற்றிப் போட்டுப் பார்த்து, எது பிழை என்று கண்டுபிடிக்க ஒருவருக்கு ஒரு பகல் முழுக்கப் போகலாம். அதற்கு நாம் ஒன்றும் தர மாட்டோம் என்றால், அவர் வயிறு வளர்ப்பதற்கு ஒரே வழி பாகம் விற்பதுதான். அப்போதுதான் ரெம்மைத் தேய்க்க வேண்டிய இடத்தில் மதர்போர்ட் மாற்றச் சொல்லும் ஆள் உருவாகிறார். இதில் பாதிப் பிழை எங்களுடையது. பார்ப்பதற்கு வெளிப்படையாகக் காசு கேட்கும் கடையை நம்பிப் போகலாம் என்பது என் அனுபவம்.

2021 இல் சூம் வகுப்புகள் நடந்த காலம், மடிக்கணினி கொதித்துக் கொதித்துத் தானாக நின்றது. உள்ளே தூசு, ப்ரொசெசரின் சூட்டைக் கடத்தும் பசை காய்ந்து போயிருந்தது. துப்புரவாக்கிப் புதுப் பசை வைக்க 2,000. வேறு சொல்ல ஒன்றுமில்லை.

2022 யாருக்கும் மறக்காது. பங்குனி முடிவில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினார்கள். கரண்ட் போனால் கணினியைக் கொஞ்ச நேரம் ஓட வைக்கும் யூ.பி.எஸ். ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. அதற்குள் இருப்பது 12 வோல்ட் ஈய பற்றரி. முழுதாக இறங்கி, சார்ஜ் ஏறாமல் மணிக்கணக்கில் கிடந்தால் அதன் தகட்டில் சல்பேற் படிந்து இறுகிவிடும். தினமும் அதுதான் நடந்தது. மறுகா ஒரு நாள் கரண்ட் திரும்ப வந்த வேகத்தில் மேசைக் கணினியின் பவர் சப்ளையும் போனது. டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறிய நாட்கள் அவை. காலையில் சொன்ன விலை பின்னேரம் இல்லை. நான் புது யூ.பி.எஸ். வாங்கத்தான் போனேன். "பெட்டி நல்லா இருக்கு டீச்சர், பற்றரிய மட்டும் மாத்துவம்" என்று அவர்தான் தடுத்தார். பற்றரி 8,000, பவர் சப்ளை கூலியோடு 7,500. கரண்ட் போனால் சுவர்ச் சுவிட்சையும் நிறுத்திவிட்டு, வந்து பத்து நிமிடம் கழித்துப் போடச் சொன்னார். அதற்குப் பிறகு பவர் சப்ளை போகவில்லை.

அடுத்த வருடம் மடிக்கணினியின் தொடுபலகை மேலே எழும்பி நின்றது. ஈரத்தில் ஊதிவிட்டதாக்கும் என்று ஒரு கிழமை அப்படியே பாவித்தேன். வேறு ஏதோ வேலையாகக் கொண்டு போனபோது அவர் பார்த்ததும் உடனே நிறுத்தச் சொன்னார். ஊதியிருந்தது பற்றரி. லித்தியம் பற்றரி ஊதினால் தீப்பிடிக்கலாம். அமத்தவும் கூடாது, குத்தவும் கூடாது, சார்ஜிலும் போடக் கூடாது. இதை வாசிக்கும் யாருடைய மடிக்கணினியாவது மேசையில் மட்டமாக இருக்காமல் ஆடினால், தயவுசெய்து இன்றைக்கே காட்டுங்கள். அவர் சொன்ன பற்றரி 16,500. மலிவாக இருக்கிறதே என்று வேறிடத்தில் 9,500 க்கு ஒன்று வாங்கிப் போட்டேன். ஏழு மாதம். பிறகு அந்த 16,500 ஐயும் கொடுத்தேன்.

இனி அந்த 48,000.

2004 மார்கழி 26 இல் சுனாமி வந்தபோது எங்கள் வீடு கடலுக்குக் கிட்ட இருந்தது. உயிர் தப்பினோம். அல்பம் ஒன்றும் மிஞ்சவில்லை. பிறகு பல வருடமாக உறவினர் வீடுகளில், கனடாவில் இருக்கும் பெரியம்மா பிள்ளைகளிடம் என்று ஒவ்வொரு படமாகக் கேட்டு வாங்கி ஸ்கேன் பண்ணிச் சேர்த்தேன். அம்மாவின் கல்யாணப் படம் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. 2019 இல் கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கை வெளியிலிருந்து கணினியில் செருகும் ஒரு உறையில் போட்டு, எல்லாவற்றையும் அதில் வைத்திருந்தேன். "இதில மட்டும் முக்கியமானத வைக்காதீங்க" என்று அவர் அப்போதே சொன்னது. நான் கேட்கவில்லை.

2024 தொடக்கத்தில் அது டிக் டிக் என்று தட்டத் தொடங்கியது. ஒரு வீடியோவைப் பார்த்து, டிஸ்க்கைச் சரிபார்க்கும் கட்டளையை இரவு முழுக்க ஓட விட்டேன். காலையில் கணினி அதை அடையாளமே காணவில்லை. கடைக்குக் கொண்டு போனேன். காதில் வைத்து இரண்டு செக்கன் கேட்டுவிட்டு வயரைக் கழற்றினார். "இனி இதச் செருகவே வேணாம் டீச்சர். சுத்தக்குள்ள ஒவ்வொரு முறையும் தட்டுல கீறல் விழும். என்னால ஏலாது, நான் திறந்தா கெட்டுப் போகும்." அன்றைக்கு அவர் காசும் வாங்கவில்லை. கொழும்பில் இந்த வேலை மட்டுமே செய்யும் இடத்துக்கு அனுப்ப ஒழுங்கு செய்தார். தூசில்லாத அறையில் திறந்து, அதே மாதிரி இன்னொரு டிஸ்க்கின் வாசிக்கும் தலையை எடுத்துப் பொருத்தி, பிரதி எடுப்பார்களாம். ஐந்து கிழமை. ஏறத்தாழ 3,200 படங்களில் 2,900 அளவில் திரும்ப வந்தன. அம்மாவின் கல்யாணப் படத்தில் கீழ்ப் பாதி சாம்பல் நிறமாகிவிட்டது. முகம் முழுதாக இருக்கிறது.

48,000 க்கு அந்த நேரம் ஒரு பாவித்த மடிக்கணினி வாங்கலாம். திரும்பக் கேட்டாலும் கொடுப்பேன். ஆனால் நான் கேட்டு நடந்திருந்தால் அந்தக் காசும் மிஞ்சியிருக்கும், அந்த 300 படங்களும் இருந்திருக்கும். இப்போது மூன்று பிரதி. ஒன்று மடிக்கணினியில், ஒன்று புது டிஸ்க்கில், மற்றது கடலுக்குத் தூரமாக வந்தாறுமூலையில் தங்கை வீட்டு அலுமாரியில். ஒவ்வொரு தவணை விடுமுறைக்கும் போய்ப் புதுசாக எடுத்தவற்றைச் சேர்த்து வருகிறேன்.

சில வேலைக்கு இப்போது நான் காசு கொடுப்பதில்லை. விண்டோஸ் போடுவது, எழுத்துரு போடுவது, பிரிண்டர் இணைப்பது எல்லாம் வீட்டிலேயே நடக்கும். விண்டோஸ் 10 இற்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தபோது, ஒரு கடையில் 4,000 தந்தால் 11 போட்டுத் தருகிறோம் என்றார்கள். என்னுடைய ஐ5 ஏழாவது தலைமுறை. 11 ஐ முறையாக ஏற்கும் பட்டியலில் அது இல்லை, குறுக்கு வழியில்தான் போட வேண்டும். இன்னொரு வருடம் பாதுகாப்புப் புதுப்பிப்பு வாங்கப் பதிவு செய்யும் வசதி அமைப்புகளுக்குள்ளேயே இருக்கிறது. மைக்ரோசொப்ட் கணக்கால் நுழைந்து, காசில்லாமல் செய்து முடித்தேன். 2026 ஒக்டோபர் வரை பயமில்லை.

கடைக்குக் கொடுக்கும்போது நான் செய்வதையும் சொல்லிவிடுகிறேன். 'ஸ்லோ', 'வேலை செய்யுதில்லை' என்று சொல்லாமல், எப்போது, எதைத் திறக்கும்போது, திரையில் என்ன எழுதி வந்தது என்று துண்டில் எழுதி ஒட்டுவேன், அல்லது போனில் படம் எடுத்துக் காட்டுவேன். அழிக்க வேண்டி வந்தால் முதலில் என்னைக் கேளுங்கள் என்று பெரிதாக எழுதுவேன். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிக்கொள்வேன். திகதி போட்ட பில் இல்லாமல் வெளியே வர மாட்டேன். வொரன்டி அதில்தான் இருக்கிறது. பிள்ளைகளின் படங்கள் இருந்தால் கடவுச்சொல்லைக் கொடுக்காமல் தனியாக ஒரு கணக்குத் திறந்து கொடுப்பது நல்லது. நல்ல கடைக்காரர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். நான் இப்போது போகும் கடைத் தம்பி சந்தோசப்படுவார், அவருக்கு வேலை குறைகிறது.

போன மாதம் மேசைக் கணினி மறுபடி நின்றது. இப்போது பரிசோதனைக் கட்டணம் 1,000. இரண்டாம் நாள் கூப்பிட்டு மதர்போர்ட்டைக் கையில் தந்து காட்டினார். கெப்பாசிற்றர்கள் தலை வீங்கி நின்றன, செம்புக் கோடுகளில் பச்சை படர்ந்திருந்தது. பன்னிரண்டு வருடக் கடல் காற்று. பழைய போர்ட் ஒன்று தேடிப் பொருத்தி 15,000 வாங்கியிருக்கலாம். நானும் மறுக்காமல் கொடுத்திருப்பேன், அது என் முதல் கணினி.

"இதுக்கு இனிக் காசு போடாதீங்க டீச்சர்" என்றார். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் பையில் போட்டுத் தந்தார். கொப்பியில் கடைசி வரி இப்படி இருக்கிறது: மேசைக் கணினி, திருத்தவில்லை, 1,000.