ஓயிலர்–பேர்ணூலியா, திமொசென்கோவா?

18ஆம் நூற்றாண்டில் உருவான ஓயிலர்–பேர்ணூலி வளை (சுமை தாங்கும் கிடைச்சட்டம்) கோட்பாடு, வளை சுமையால் வளைந்த பின்னரும் அதன் குறுக்குவெட்டு நடு அச்சுக்குச் செங்குத்தாகவே நிற்கும் என்று கொள்கிறது. 1921இல் பொறியியலாளர் திமொசென்கோ அக்கட்டுப்பாட்டைத் தளர்த்தி, வெட்டுவிசையால் (அடுத்தடுத்த குறுக்குவெட்டுகளை ஒன்றின்மீது ஒன்று சறுக்கத் தள்ளும் விசையால்) ஏற்படும் உருமாற்றத்தையும் கணக்கில் சேர்த்தார். இரு முனைகளிலும் எளிதாகத் தாங்கப்பட்டு நடுவில் சுமையேறிய செவ்வக வளையில், இதனால் கூடும் தொய்வின் விகிதம் ஏறத்தாழ 1.2 × (யங்கின் மட்டு ÷ விறைப்பு மட்டு) × (உயரம் ÷ நீளம்)² ஆகும்; முதல் மட்டு இழுவைக்கும் அமுக்கத்துக்கும், இரண்டாவது வெட்டுக்கும் பொருள் காட்டும் எதிர்ப்பின் அளவு. நீளம் உயரத்தின் 10 மடங்கான கொங்கிறீற்று வளைக்கு இது 3 சதவீதமே; யாழ்ப்பாணத்தில் நாம் இன்று கட்டும் சாதாரண வீடுகளுக்கு ஓயிலர்–பேர்ணூலிக் கோட்பாடே தாராளமாகப் போதும். ஆனால் நடுமுற்றம் கொண்ட பழைய நாற்சார் வீடுகளின் மரத் தீராந்திகளை (மர வளைகளை) மதிப்பிடும்போது, மரத்துக்கு அம்மட்டுகளின் விகிதம் பொதுவாக 16 அளவில் கொள்ளப்படுவதால், அதே நீள உயரங்களில் மேலதிகத் தொய்வு 19 சதவீதத்தைத் தொடும். அங்கே திமொசென்கோவின் திருத்தத்தை விட்டுவிடுவது சரியன்று.