செல்ஃப் அடிக்கிறது, கார் கிளம்பவில்லை: பம்ப் போச்சா, ஒயர் போச்சா?

போன நவம்பரில் மழை விட்ட ஒரு காலை. சென்னை வேளச்சேரியில் வீட்டு வாசலில் நின்ற என் பெட்ரோல் கார், செல்ஃப் நன்றாக அடித்தும் கிளம்பவில்லை. இழுத்துப்போன இடத்தில் ஐந்தே நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள்: "டேங்க் மோட்டார் போச்சு சார், மாத்திடலாம்." பின் சீட்டுக்கு அடியில் டேங்குக்குள் இருந்து என்ஜினுக்குப் பெட்ரோல் தள்ளும் பம்ப்பைத்தான் அப்படிச் சொன்னார்கள். மாற்றினார்கள். 12ஆம் நாள் திரும்பவும் அதே கதை. வேறொரு மெக்கானிக் பின் சீட்டைத் தூக்கிப் பார்த்தபோதுதான் பச்சை பூத்துப்போன எர்த் ஒயர் கண்ணில் பட்டது. அதைச் சுத்தம் செய்து, பழைய பம்ப்பையே திரும்ப மாட்டச் சொன்னேன். இன்றுவரை அதுதான் ஓடுகிறது.

அதிலிருந்து, பம்ப்பைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் வீட்டிலேயே என்னென்ன பார்க்கலாம் என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துவிட்டேன். காது, ஸ்கேனர், பல்பு, அழுத்தத்தை அளக்கும் பிரஷர் கேஜ். நான்கும் நான்கு வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன. அதைப் புரிந்துகொள்ளாமல் ஒன்றின் பதிலை இன்னொன்றுக்குப் போட்டால் வீண் செலவுதான்.

காது இலவசம். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும், செல்ஃப் அடிப்பதற்கு முன்பே, பெரும்பாலான கார்களில் பம்ப் சுமார் 2 விநாடி ஓடி நிற்கும். ஏசி, பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் பின் சீட்டில் காதை வைத்துக் கேட்க வேண்டும். தெருவில் தண்ணீர் லாரி வருவதற்கு முன், விடியற்காலையில் செய்தால் தெளிவாகக் கேட்கும். ஆனால் 'ம்ம்ம்' என்ற சத்தம் வந்துவிட்டதால் பம்ப் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. தேய்ந்த பம்ப்பும் முனகும், அழுத்தம் மட்டும் வராது. சத்தமே வராவிட்டாலும் பம்ப் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஃபியூஸ், ரிலே (பம்ப்புக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் மின் சுவிட்ச்), ஒயர், இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாவிட்டால் காரைக் கிளம்ப விடாத திருட்டுத் தடுப்பு) என்று நடுவில் எத்தனையோ இருக்கின்றன. அதே ஃபியூஸ் பெட்டியில் அதே எண்ணுள்ள வேறு ரிலே இருந்தால் (பல கார்களில் ஹாரன் ரிலே அப்படி இருக்கும்) மாற்றிப் போட்டுப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

இப்போது எல்லோரும் முதலில் வாங்குவது ஓபிடி ஸ்கேனர், அதாவது காரின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோளாறுகளைப் படிக்கும் கருவி. விலை மலிவு, போனிலேயே பார்க்கலாம். இந்த வேலைக்கு அது ரொம்பத் தூரம் வராது என்பது என் கருத்து. சாதாரண எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோலைத் தூவும் தனி இன்ஜெக்டர் உள்ள) பெட்ரோல் கார்கள் பெரும்பாலானவற்றில் பெட்ரோல் அழுத்தத்தை அளக்கும் சென்சாரே கிடையாது. இல்லாததை ஸ்கேனர் எப்படிக் காட்டும்? ஸ்கேனரில் பி0230 என்ற குறியீடு வந்தால் பம்ப்பின் மின்சுற்றில் கோளாறு என்று தெரியும், அவ்வளவுதான். பி0171 வந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு என்று பொருள். அதற்கு பம்ப்பும் காரணமாகலாம், காற்றுக் குழாய் விரிசலும் காரணமாகலாம். ஒரு இடத்தில் மட்டும் ஸ்கேனரை மெச்சுவேன்: செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் பூஜ்யத்திலேயே நின்றால் என்ஜின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சார் பக்கம் பார்க்க வேண்டும். என்ஜின் சுற்றுவது தெரியாவிட்டால் ஈசியூ (என்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) பம்ப்பைத் தொடர்ந்து ஓட விடாது.

எனக்கு மிகப் பிடித்தது பழைய ஹெட்லைட் பல்பு. மல்டிமீட்டர் இருக்கும்போது பல்பு எதற்கு என்று கேட்பார்கள். பம்ப் கனெக்டரைக் கழற்றி மீட்டரை வைத்தால், அரித்துப்போன ஒயர்கூட 12 வோல்ட் காட்டும். ஏனென்றால் மீட்டர் கரண்ட்டையே இழுப்பதில்லை. பம்ப் ஓடும்போது பல ஆம்பியர் இழுக்கும், அப்போதுதான் அந்த ஒயரின் குட்டு உடையும். 55 வாட் பல்பு சுமார் 4.5 ஆம்பியர் இழுப்பதால் பம்ப்பின் இடத்தில் நின்று அதே வேலையைச் செய்கிறது. பல்பு பளிச்சென்று எரிந்தால் கரண்ட் சரி, சந்தேகம் பம்ப் மேல்தான். மங்கலாக எரிந்தால் ரிலே, கனெக்டர், எர்த் என்று தேடுங்கள். முதல் நாளே இதைச் செய்திருந்தால் என் பணம் தப்பியிருக்கும். மீட்டர் மட்டும்தான் இருக்கிறதென்றால் கனெக்டரைக் கழற்றாமல், பின்பக்கம் மெல்லிய ஊசி செருகி, பம்ப் ஓடும்போது அளந்து பாருங்கள். அதுவும் சரியான சோதனைதான்.

ஒன்றை மறக்க வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். அடுக்குமாடி பேஸ்மென்டில் இதைச் செய்யாதீர்கள். வெளியே நிறுத்தி, கதவுகளைத் திறந்து வைத்து, நீள ஒயரில் பல்பைக் காருக்கு வெளியே வைத்து, இணைப்பெல்லாம் கொடுத்த பிறகே சாவியைத் திருப்புங்கள்.

பிரஷர் கேஜ்தான் கடைசிச் சொல். பல பெட்ரோல் கார்களில் சுமார் 3 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) இருக்க வேண்டும், உங்கள் காருக்கான எண்ணை மேனுவலில் பாருங்கள். ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது அழுத்தம் விழுந்தால் பம்ப் தளர்ந்திருக்கும், இல்லையென்றால் ஃபில்டர் அடைத்திருக்கும். அணைத்ததும் மளமளவென்று இறங்கினால் பம்ப்பில் உள்ள வால்வோ ஒழுகும் இன்ஜெக்டரோ காரணம். சிக்கல் என்னவென்றால் நம்மூர்ச் சின்ன கார்கள் பலவற்றில் கேஜ் மாட்ட இடமே கிடையாது. குழாயைக் கழற்றி நடுவில் டி இணைப்பு (T வடிவ மூன்று வழி இணைப்பு) போட வேண்டும். பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டுச் செல்ஃப் அடித்து அழுத்தத்தை இறக்கிய பிறகே கழற்ற வேண்டும். பழக்கமில்லாதவர்கள் இந்த ஒன்றை மட்டும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். "மாத்திடுங்க" என்று சொல்லாமல் "கேஜ் போட்டு அளவைக் காட்டுங்க" என்று கேளுங்கள். டீசல் கார் என்றால் குழாயைத் தொடவே வேண்டாம். இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் காமன் ரெயில் குழாயின் அழுத்தம் ஆயிரம் பாரையும் தாண்டும், தோலைத் துளைத்துவிடும்.

என் டிக்கியில் இப்போது பல்பும் இரண்டு ஒயரும் ஒரு ஸ்பேர் ரிலேயும் இருக்கின்றன. ரிலே ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வாங்கியது, ஒயரும் கிளிப்பும் ரிச்சி தெருவில்.