ஆபீஸ் சளிக்காக வாங்கிய கார்பன் டை ஆக்சைடு மீட்டர்: இரண்டு மாதம் கழித்து

போன வருஷம் செப்டம்பரில் எங்கள் ஆபீஸில் பதினோரு பேரில் ஏழு பேர் வரிசையாகப் படுத்தோம். படுத்தோம் என்றா சொன்னேன், எங்கே படுத்தோம்! ஆடிட்டர் ஆபீஸ், செப்டம்பர் 30 டேக்ஸ் ஆடிட் கெடு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே எல்லோரும் வேலைக்கு வந்தோம். வாசலில் சானிடைசர் ஸ்டாண்டு 2020லிருந்து நிற்கிறது, கையைத் தேய்க்காமல் யாரும் உள்ளே வருவதில்லை, அப்படியும் இந்தக் கதி.

விஷயம் காற்றில் இருந்தது. தி.நகரில் ஜன்னலைத் திறந்தால் ஹாரன் சத்தம், தூசி, சாயங்காலமானால் கொசு, அதனால் எப்போதும் மூடித்தான் கிடக்கும். ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே இழுக்காது, அறையில் இருப்பதையே குளிரவைத்துச் சுற்றிவிடும் என்பதே சர்வீஸுக்கு வந்த மெக்கானிக் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒருவர் இருமினால் அது மற்ற பத்துப் பேருக்கும் பந்தி. நாம் விடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு இருப்பதால், அதை அளந்தால் அறையில் எவ்வளவு பழைய மூச்சு தேங்கியிருக்கிறது என்று ஊகிக்கலாம். வெளிக்காற்றில் சுமார் 420 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு.

முதலில் 1,400 ரூபாய்க்கு ஒன்று வாங்கி ஏமாந்தேன். மூன்றாம் நாள் ஆர்ட்டிகிள்ஷிப் (சி.ஏ. பயிற்சி) பையன் ஒருவன் அதன் பக்கத்தில் நின்று சானிடைசர் தேய்த்தான், 700ல் இருந்த எண் சட்டென்று 3,000ஐத் தாண்டியது. அதில் கார்பன் டை ஆக்சைடு சென்சாரே கிடையாதாம், வேறு வாயுக்களை மோப்பம் பிடித்துக் குத்துமதிப்பாக ஒரு எண்ணைக் காட்டும் ரகம். ரிட்டர்ன் போட்டுவிட்டு, என்.டி.ஐ.ஆர். சென்சார் என்று பெட்டியில் தெளிவாகப் போட்டிருந்த இதை 6,800 ரூபாய்க்கு வாங்கினேன். அகச்சிவப்பு ஒளியை வைத்து அளப்பது. அதே பையனைக் கூப்பிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு சானிடைசர் தேய்க்கச் சொன்னேன், எண் அசையவில்லை.

மொட்டை மாடியில் 430 காட்டியது. மீட்டிங் ரூமில் எட்டுப் பேர், கதவு சாத்தி, முக்கால் மணி நேரம்: 2,400. "ஏசியைப் போட்டுட்டு ஜன்னலைத் திறப்பியா, கரண்ட் பில் யாரு கட்டுறது?" என்று கேட்டுக்கொண்டிருந்த எங்கள் சார் அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, அடுத்த வாரம் எக்ஸாஸ்ட் ஃபேன் வந்தது. ஜன்னலில் கொசுவலை அடித்து நாலு விரல் அளவு திறந்து வைத்தோம், இப்போது அதே எட்டுப் பேருக்கு 950ஐச் சுற்றித்தான் நிற்கிறது. இதற்காகவே காசு தகும்.

குறைகள் இல்லாமல் இல்லை. பேட்டரி ஒரு நாள்கூடத் தாங்காது, சார்ஜரிலேயே கிடக்க வேண்டும். 1,500ஐத் தாண்டினால் பீப் அடிக்கிறது, அதை அணைக்கும் வழி மெனுவில் மூன்றாம் அடுக்கில் ஒளிந்திருக்கிறது. இது தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் மாடல், வாரத்தில் பார்த்த மிகக் குறைந்த அளவை வெளிக்காற்று என்று எடுத்துக்கொள்ளும். அதனால் வெளிக்காற்றே படாத அறையில் வைத்தால் நாளடைவில் குறைத்துக் காட்டும். நான் திங்கள்கிழமை காலையில் பத்து நிமிஷம் மாடியில் வைத்து எடுக்கிறேன். இன்னொன்று, இது வைரஸை அளக்காது. ஹெப்பா ஃபில்டர் (நுண்துகள்களைப் பிடிக்கும் வடிகட்டி) உள்ள ஏர் ப்யூரிஃபையர் ஓடினால் வைரஸ் துகள்கள் குறையும், ஆனால் மீட்டரில் எண் குறையாது, ஏனென்றால் அந்த ஃபில்டர் வாயுவைப் பிடிக்காது.

இந்த செப்டம்பரில் இரண்டு பேருக்குத்தான் வந்தது. மீட்டரால்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆகஸ்டிலேயே ஆறு பேர் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டோம் (போட்டு இரண்டு வாரம் ஆக வேண்டும், கெடு நெருங்கும்போது ஓடிப்போய்ப் போட்டால் உடனே பலன் இல்லை). அப்புறம், தமிழ்நாட்டுக் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் வருஷத்துக்குப் பன்னிரண்டு நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு இருக்கிறது. இந்த முறை காய்ச்சல் வந்த இரண்டு பேரும் அதை எடுத்தார்கள், சார் முணுமுணுத்தார், ஆனால் கொடுத்தார்.

ஐந்துக்கு நான்கு. அந்த ஒன்று பீப்புக்காகக் குறைத்தது.