கவுன்சில் டாக்ஸ் குறைத்துத் தருகிறோம் என்று தமிழில் கதைத்து வருகிறவர்கள்: பட்டவன் எழுதுகிறேன்

என் வீட்டு கவுன்சில் டாக்ஸ் பாண்ட், அதாவது உள்ளூர் கவுன்சிலுக்குக் கட்டுகிற வீட்டு வரியின் படி (ஏ, பி, சி என்று எழுத்து ஏற ஏற வரி கூடும்), குறைந்தது உண்மை. குறைத்துத் தந்தவர்களுக்கு நான் 1,266 பவுண்ஸ் கட்டியதும் உண்மை. அந்தக் காசு போனதற்காக மட்டும் என்றால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். என் பேச்சை நம்பிக் கையெழுத்து வைத்த ஒரு அன்ரிக்கு வரி கூடிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

2023 தொடக்கத்தில் ஒரு பின்னேரம் போன் வந்தது.

"வணக்கம் அண்ணை, உங்கட கவுன்சில் டாக்ஸ் சம்பந்தமாக் கதைக்கிறன். உங்கட வீடு பிழையான பாண்டில இருக்குது, தெரியுமோ?"

கவனியுங்கள், கவுன்சிலில் இருந்து கதைக்கிறேன் என்று அவன் சொல்லவில்லை. 'சம்பந்தமா' என்றான். நான்தான் மீதியை நிரப்பிக்கொண்டேன். என் வீட்டு இலக்கம், பாண்ட் ஈ, எதிர்வீடு பாண்ட் டி என்று எல்லாவற்றையும் சரியாகச் சொன்னபோது, இது உத்தியோகபூர்வமான அழைப்புத்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். இங்கிலாந்தில் எந்த வீடு எந்த பாண்ட் என்று அரசாங்க இணையத்தளத்தில் போஸ்ட்கோட் போட்டால் யாரும் பார்க்கலாம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. லண்டனில் இத்தனை வருஷம் இருந்தும் தெரியாது.

சனிக்கிழமை வீட்டுக்கே வந்தான். நல்ல உடுப்பு, நல்ல மரியாதை. தேத்தண்ணி குடித்தான். மனிசி வழக்கம்போல "ஊரில எவடம்?" என்று கேட்டா. கரவெட்டி என்றான். அவவுக்குப் பக்கத்து ஊர், நெல்லியடி. அதோடு கதை முடிந்தது, அதற்குப் பிறகு அவனிடம் நாங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பதினைந்து நிமிஷம் ஊர்ச் சந்தையைப் பற்றிக் கதைத்துவிட்டு, ஒரு டப்லெட்டை நீட்டினான். விரலால் கையெழுத்து வைத்தேன். ஃபைல் திறக்க 120 பவுண்ஸ், வெற்றி கிடைத்தால் திரும்பி வருகிற காசில் 35 வீதம். "வெல்லாட்டி ஒண்டும் இல்லை அண்ணை." அந்த 120 எந்தக் கணக்கில் சேர்ந்தது என்று கேட்கவும் தோன்றவில்லை.

ஒப்பந்தம் இரவு இமெயிலில் வந்தது, பதினொரு பக்கம். 35 வீதத்துக்கு மேல் வாட் வரி தனியாக என்று நாலாம் பக்கத்தில் இருந்தது. அதாவது 42 வீதம். நான் திறந்து பார்த்தது மூன்று மாதம் கழித்து, பில் வந்த அன்றைக்கு.

பில்லுக்கு முதல் முடிவு வந்தது. பாண்ட் ஈ பிழை, டி தான் சரி என்று வலுவேஷன் ஒபிஸ்காரர், அதாவது வீடுகளுக்கு மதிப்புப் போடுகிற அரச அலுவலகம், ஒப்புக்கொண்டார்கள். நாங்கள் 2016இல் இந்த வீட்டுக்கு வந்தவர்கள், அன்றிலிருந்து கூடுதலாகக் கட்டியது 2,730 பவுண்ஸ். ("1993இல இருந்து வரும் அண்ணை" என்று முதல் நாள் சொன்னவன். நாங்கள் குடிவர முன்னர் இருந்தவர்கள் கட்டிய காசு அவர்களுக்குத்தான் போகும், எங்களுக்கு எப்படி வரும்?) கவுன்சில் அதைக் காசாகத் தரவில்லை. என் வரிக்கணக்கில் வரவு வைத்து, வரப்போகிற தவணைகளில் கழித்தது. இந்தக் கம்பனிக்காரருக்கோ பதினான்கு நாளில் 1,146 பவுண்ஸ் 60 பென்ஸ் கையில் வேண்டும். கேட்டால் நாலாம் பக்கத்தைக் காட்டினார்கள். கிரெடிட் கார்டில் போட்டுக் கட்டினேன்.

இவ்வளவு காசுக்கு அவர்கள் செய்த வேலை என்ன என்று பிறகு கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கக் கடிதம். என் தெருவிலேயே, என் வீட்டைப் போலவே 1930களில் கட்டிய நாலு வீட்டு இலக்கங்கள். நாலும் பாண்ட் டி. அவ்வளவுதான். அதில் ஒன்று என் மகளின் சிநேகிதியின் வீடு. ஒவ்வொரு நாளும் அந்தக் கதவைத் தட்டுகிறேன்.

இதையே நானே செய்திருந்தால் ஒரு பென்ஸ் செலவில்லை. பாண்டைத் தீர்மானிப்பது கவுன்சில் இல்லை, வலுவேஷன் ஒபிஸ். கவுன்சில் அந்த பாண்டை வைத்து வரி அறவிடுகிறது, அவ்வளவே. பாண்ட் பிழை என்றால் வலுவேஷன் ஒபிசுக்கு இணையத்திலேயே எழுதலாம். அதற்கு அவர்கள் கட்டணம் கேட்பதில்லை. உங்கள் வீட்டைப் போன்ற, ஆனால் குறைந்த பாண்டில் இருக்கிற ஐந்து வீடுகள் வரை காட்டச் சொல்வார்கள். அதே அளவு, அதே வகை, அதே காலத்தில் கட்டியது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய வேலை.

ஏன் இப்படிப் பிழையான பாண்டுகள் இருக்கின்றன என்றால் அது ஒரு வேடிக்கையான கதை. மக்கள் கொதித்தெழுந்த போல் டாக்ஸ் என்ற தலைவரிக்குப் பதிலாக 1993 ஏப்ரலில் இந்த வரியை அவசர அவசரமாகக் கொண்டுவந்தார்கள். இங்கிலாந்தில் வீட்டின் மதிப்பு என்பது 1991 ஏப்ரல் 1ஆம் திகதி அது என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதுதான். போன வருஷம் கட்டிய வீட்டுக்கும் 1991 விலைதான். அப்போது கோடிக்கணக்கான வீடுகளை உள்ளே போய்ப் பார்க்க ஆளில்லாமல், எஸ்டேட் ஏஜென்ட்மாரை வைத்துக் காரில் இருந்தபடியே வெளியால் பார்த்துப் போட்டார்கள். இரண்டாவது கியர் மதிப்பீடு என்று வெள்ளைக்காரர் இன்றைக்கும் பகிடி பண்ணுவார்கள். 2007இல் வரவிருந்த புது மதிப்பீட்டையும் கைவிட்டுவிட்டார்கள். வேல்ஸில் மட்டும் 2003 விலைக்கு மாற்றினார்கள். 1991 ஏப்ரலில் நான் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாமல் ஜாம் போத்தல் விளக்கில் படித்துக்கொண்டிருந்தேன். அந்த மாதத்து விலையை வைத்துத்தான் இங்கே ஒருவன் காரில் போகிற போக்கில், நான் பிறகு வாங்கப்போகிற வீட்டுக்கு பிழையான எழுத்தைப் போட்டிருக்கிறான்.

சரி, அன்ரியின் கதைக்கு வருகிறேன். எழுத மனம் இல்லாததால்தான் சுற்றி வளைக்கிறேன்.

முடிவு வந்த கையோடு, பில் வர முன்னர், நான் பெரிய ஆள் மாதிரி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். தமிழ்ப் பள்ளிக்கூடக் கார் பார்க்கில் பேரப்பிள்ளையைக் கூட்டிப்போக வந்த அன்ரியிடமும் சொன்னேன். அங்கிள் போன பிறகு தனியாக இருக்கிறா. ஓய்வூதியம். "உங்கட வீட்டையும் ஒருக்காப் பார்க்கச் சொல்லட்டோ அன்ரி?"

"நீர் சொன்னாச் சரி தம்பி."

அந்தப் பெடியன் போனான், தேத்தண்ணி குடித்தான், 120 பவுண்ஸும் கையெழுத்தும் வாங்கினான். அன்ரியின் வீடு பாண்ட் டி. பக்கத்து வீடுகள் சி. ஆகவே அன்ரிக்கும் சி வேண்டும் என்று அதே ஒரு பக்கக் கடிதம், இலக்கங்கள் மட்டும் வேறு.

பக்கத்து வீடுகள் வரிசை நடுவில் நெருக்குப்பட்டுக்கொண்டு நிற்கிற சின்ன டெரஸ் வீடுகள். அன்ரியின் வீடு வரிசையின் கடைசி. பழைய சொந்தக்காரன் பக்கச் சுவரோடு இரண்டு மாடிக்கு நீட்டிக் கட்டியிருக்கிறான். ரோட்டில் நின்று பார்த்தாலே தெரியும். உள்ளே போய் இருந்து தேத்தண்ணி குடித்தவனுக்குத் தெரியாதா?

சட்டம் இப்படி. நீங்கள் உங்கள் வீட்டை நீட்டிக் கட்டினால், நீங்கள் இருக்கும்வரை அதற்காக பாண்டைக் கூட்ட முடியாது. வீடு விற்றுக் கைமாறினால், புதுச் சொந்தக்காரருக்கு அந்த நீட்டலையும் சேர்த்து மதிப்பிடலாம். அன்ரியும் அங்கிளும் வாங்கியது 2011இல், நீட்டலோடு. பன்னிரண்டு வருஷம் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்களே, இவர்கள் ஊதிய ஊதலில் வலுவேஷன் ஒபிஸ் எழும்பிப் பார்த்தது. 1991 விலையில் 68,001 முதல் 88,000 வரை டி, அதற்கு மேல் 120,000 வரை ஈ. நீட்டலோடு சேர்த்தால் இந்த வீடு 88,000ஐத் தாண்டும் என்று கண்டார்கள். சி கேட்டுப் போன அன்ரிக்கு ஈ வந்தது.

காசாகச் சொன்னால் விளங்கும். எல்லா பாண்டும் டி-யை வைத்துத்தான் கணக்கு. டி ஒன்பது பங்கு என்றால் சி எட்டு, ஈ பதினொன்று. டி-க்கு 2,160 பவுண்ஸ் வருகிற இடத்தில் ஈ-க்கு 2,640. தனியாக இருப்பவருக்கு 25 வீதக் கழிவு உண்டு, அது போகக் கூடினது வருஷத்துக்கு 360. மாதம் 30 பவுண்ஸ், ஆயுசுக்கும்.

நான் கோபத்தில் அவனுக்குப் போன் அடித்தேன்.

"அண்ணை, அது வலுவேஷன் ஒபிசின்ர முடிவு. நாங்கள் என்ன செய்யிறது? விருப்பமெண்டால் அப்பீலுக்குப் போகலாம். 350 வரும்."

"தம்பி, கூடவும் கூடும் எண்டு ஒரு வார்த்தை அந்த மனுசிக்குச் சொன்னனீரோ?"

"ஒன்பதாம் பக்கத்தில இருக்குது அண்ணை."

இருந்தது. மூன்றாம் பந்தியில், ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில். எழுபது வயது மனுசிக்கு.

அந்த 350ஐப் பற்றியும் சொல்லவேண்டும். உங்கள் பாண்டை வலுவேஷன் ஒபிஸ் மாற்றினால், மாற்றி ஆறு மாதத்துக்குள் நீங்கள் முறைப்படி ஆட்சேபிக்கலாம். புதிதாக ஒரு வீட்டுக்கு வந்து வரி கட்டத் தொடங்கியவருக்கும் அதே ஆறு மாதம் உண்டு. அவர்கள் தருகிற முடிவும் பிடிக்காவிட்டால் மூன்று மாதத்துக்குள் வலுவேஷன் ட்ரிபியூனல் என்ற தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ட்ரிபியூனலுக்குப் போகவும் கட்டணம் இல்லை. நாங்கள் போகவில்லை. சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை நிலையத்தில் இருந்த பெண்மணி எல்லாத்தையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நீட்டிக் கட்டினது உண்மைதானே என்றா. உண்மைதான். ஆறு மாதம் கடந்தால்கூட பிழை என்று காட்ட ஆதாரம் இருந்தால் மறுபரிசீலனை கேட்கலாம் என்பதையும் அவதான் சொன்னா. என்னுடைய வீடு அப்படித்தான் குறைந்திருக்கிறது.

வீட்டில் வைத்து இப்படிக் கையெழுத்து வாங்கிய ஒப்பந்தத்தைப் பதினான்கு நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம் என்பதும் அங்கேதான் தெரியவந்தது. நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பதினான்கு நாளும் அவனைப் புகழ்ந்துகொண்டு இருந்தோம். யாராவது கிட்டடியில் கையெழுத்து வைத்திருந்தால், இதை வாசிப்பதை விட்டுவிட்டு முதலில் திகதியைப் பாருங்கள். ரத்து என்று எழுத்தில் அனுப்புங்கள், போனில் சொல்லாதீர்கள். போனில் சொன்னால் ஊர்க்கதை தொடங்கிவிடுவான்.

நீங்களே கேட்டு எழுதப் போகிறீர்கள் என்றாலும் அவசரப்படவேண்டாம். பக்கத்து வீட்டு பாண்டை மட்டும் பார்த்துவிட்டுக் குதிப்பது ஆபத்து. உங்களுடையது சரி, அவர்களுடையதுதான் பிழை என்று முடிவானால் அவர்களுக்குக் கூடும். பிறகு வேலிக்கு மேலால் எப்படி முகம் பார்ப்பது? உங்கள் வீடு என்ன விலைக்குக் கைமாறியது என்று பார்த்து, வீட்டுக் கடன் கொடுக்கிற நேஷன்வைட் பில்டிங் சொசைட்டியின் வீட்டு விலைக் கணிப்பானில் போட்டால் 1991 அளவில் என்ன வந்திருக்கும் என்று ஒரு குத்துமதிப்பு கிடைக்கும். பக்கத்து வீடும் குறைவு, இந்தக் கணக்கும் குறைவு என்றால் மட்டும் எழுதுங்கள். வாங்க முன்னர் யாராவது நீட்டிக் கட்டியிருந்தால், கூரைக்குள் லொஃப்ட் அறை போட்டிருந்தால், இருமுறை யோசியுங்கள். முடிவு வரும்வரை பழைய பில்லைத் தவறாமல் கட்டுங்கள். "கேஸ் போட்டாச்சு, கட்டத் தேவையில்லை" என்று அவன் அன்ரிக்குச் சொல்லி, இரண்டு மாதத்தில் சிவப்பு எழுத்தில் நினைவூட்டல் வந்ததும் நடந்தது.

கம்பனியின் பெயரை இங்கே போடவில்லை. போட்டும் பிரயோசனமில்லை. நான் தேடிப் பார்த்தபோது பழைய இணையத்தளம் இல்லை, அவனுடைய நம்பரும் வேலை செய்யவில்லை. முறைப்பாடு சிட்டிசன்ஸ் அட்வைஸ் வழியாக வியாபார மோசடிகளை விசாரிக்கிற ட்ரேடிங் ஸ்டான்டர்ட்ஸுக்குப் போயிருக்கிறது.

கூடிய 30 பவுண்ஸை மாதா மாதம் நான் கட்டுகிறேன் என்று அன்ரியிடம் கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டா. ஏச்சும் இல்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது. இப்போது சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடம் விட முன்னர் ஒரு பிளாஸ்டிக் பையோடு என் காருக்குள் வந்து ஏறுவா. கவுன்சில் கடிதம், காஸ் பில், ஆஸ்பத்திரிக் கடிதம் எல்லாம் உள்ளே இருக்கும்.

"தம்பி, இதில எங்கை கையெழுத்து வைக்கக்கூடாது எண்டு பார்த்துச் சொல்லும்."