லெட் இட் பீ: 1970 பதிப்பா, 2003 பதிப்பா?

பீட்டில்ஸ் இசைக்குழுவின் 'லெட் இட் பீ' ஆல்பம் முக்கியமாக இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது, 1970 மே மாதம் வந்தது ஒன்று, 2003-இல் 'நேக்கட்' (நிர்வாணம்) என்ற பெயரோடு வந்தது இன்னொன்று. இரண்டிலும் சரக்கு பெரும்பாலும் 1969 ஜனவரியில் லண்டனில் அவர்களுடைய சொந்த நிறுவனமான ஆப்பிளின் அலுவலக அடித்தளத்திலும் மொட்டை மாடியிலும் பதிவானதுதான்.

ஒட்டு வேலை இல்லாமல் நேரடியாக வாசித்துப் பதிவு செய்வதுதான் அப்போதைய திட்டம், ஆனால் ஒலிப்பதிவாளர் கிளின் ஜான்ஸ் செய்துகொடுத்த தொகுப்பு அவர்களுக்குப் பிடிக்காமல் போக, ஒலிநாடாக்கள் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரிடம் போயின. அவர் 'தி லாங் அண்ட் வைண்டிங் ரோடு' மேல் வயலின்களையும் பெண்கள் கோரஸையும் கொட்டித் தீர்த்துவிட்டார். அந்தப் பாட்டை எழுதிய குழு உறுப்பினர் பால் மெக்கார்ட்னிக்கு வந்ததே கோபம்!

2003 பதிப்பில் அதெல்லாம் கிடையாது. அந்தப் பாட்டுக்கு வேறொரு டேக் (வேறு முறை வாசித்த பதிவு), விருந்தினராக வாசித்த பில்லி பிரெஸ்டனின் கீபோர்டு தெளிவாகக் கேட்கிறது, 'டோன்ட் லெட் மீ டவுன்' உள்ளே வந்திருக்கிறது. ஆனால் பாட்டுகளுக்கு இடையிலிருந்த, குழுவின் இன்னொரு பாடகர் ஜான் லெனனின் கிண்டல் பேச்சையும் சேர்த்தே துடைத்துவிட்டார்கள், அது எனக்குப் பெரிய நஷ்டம். தவிர, இதுவும் அப்படியொன்றும் நிர்வாணம் இல்லை, 'ஐவ் காட் அ ஃபீலிங்' மாடியில் வாசித்த இரண்டு டேக்குகளை வெட்டி ஒட்டியது.

புதிதாகக் கேட்பவர் 1970 பதிப்பில் தொடங்கட்டும். 'லாங் அண்ட் வைண்டிங் ரோடு' மட்டும் 2003-இலிருந்து கேளுங்கள்.